பையில் இருக்கும் கல்

அன்புள்ள ஐயா,

பைபிளில் தினம் ஒரு அதிகாரமாக நீதிமொழிகள் புத்தகத்தை வாசிக்கிறேன். 31 அதிகாரம், மாதத்துக்குச் சரியாக வருகிறது. அகந்தையைப் பற்றிய வசனங்களைத் தம்பிக்கு வாட்ஸப்பில் அனுப்புகிறேன். பார்க்கிறான், பதில் போடுவதில்லை. அவனுக்குத் தாழ்மையைப் புரியவைக்க எந்த வசனம் பொருத்தம்? பழைய மொழிபெயர்ப்பா, புதியதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மொழிபெயர்ப்பு எதுவானாலும் சரி. எனக்குப் பழையது காதுக்குப் பழகிவிட்டது.

தம்பிக்கு வசனம் தேடித் தரமாட்டேன். அவன் என்ன தப்பு செய்தான் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே அம்மா. தினமும் அவன் மேல் வசனத்தை எறிந்துவிட்டு, அதற்கு வேதவாசிப்பு என்று பெயர் வைக்காதீர்கள்.

ஒரு மாதமாக நான் 20ஆம் அதிகாரத்தை விட்டு நகரவில்லை. 'வெவ்வேறான நிறைகல்லும், வெவ்வேறான மரக்காலும்' கர்த்தருக்கு அருவருப்பு என்கிறது. அந்தக் காலத்து யூதா நாட்டில் எடைக்கல்லைப் பையில் போட்டுக்கொண்டுதான் வியாபாரத்துக்குப் போவார்கள். எருசலேமிலும், லாகீஸ் என்ற பழைய ஊரிலும் அந்தக் கற்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். உச்சி உருண்டு, அடி தட்டையான சுண்ணாம்புக்கல். அன்றைய எடை அளவான ஒரு சேக்கல் 11 கிராம் சொச்சம். உள்ளங்கையில் மறைந்துவிடும். பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு கல் வைத்திருக்காதே என்று பைபிளின் ஐந்தாம் புத்தகமான உபாகமத்திலேயே சொல்லியாயிற்று. வாங்க ஒன்று, விற்க ஒன்று.

இந்த இரண்டு கல்லை நான் கையில் தூக்கியிருக்கிறேன். பள்ளி விடுமுறையில் ஒரு மளிகைக் கடையில் நின்றேன். கிராமத்துப் பெண்கள் புளி கொண்டுவந்தால் முதலாளி 'பழசை எடு' என்பார். அதே புளியை விற்கும்போது 'புதுசை எடு'. படிக்கல்லின் அடியில் ஈயம் அடைத்திருக்கும், முத்திரை குத்துவது அதில்தான். புதுசில் அந்த ஈயம் பாதி தோண்டியிருந்தது. குழியில் புளி அப்பிக் கறுத்திருந்தது.

11ஆம் அதிகாரத்தில் 'சுமுத்திரையான நிறைகல்' என்று வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழிதான் தெரியும். (சுமுத்திரை என்றால் நல்ல முத்திரை. மூலமொழியான எபிரேயத்தில் அது 'முழுமையான கல்'. முத்திரை தமிழில் சேர்ந்தது.) முதலாளியை மனதுக்குள் திட்டிக்கொண்டே 40 வருடம் வாசித்தேன்.

என் பையை நான் பார்க்கவில்லை. அப்பா அடக்கத்துக்கு அண்ணன் பிந்தி வந்தான். 11 வருடம் சொல்லிக்காட்டினேன். அம்மா இறந்த இரவு நான் வெளியூரில் இருந்தேன். வேலை என்று சொல்லிக்கொண்டேன். அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'மனுஷனுடைய வழிகளெல்லாம் அவன் பார்வைக்குச் சுத்தமானவைகள்' என்று 16ஆம் அதிகாரம் சொல்வது வேறு யாரையோ அல்ல.

போன வாரம் அண்ணனை நேரில் பார்த்துச் சொன்னேன். அவனுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. 'என்னது?' என்று மூன்று தடவை கேட்டான். மூன்று தடவையும் சொன்னேன்.