கொலாஜன் பவுடர் வாங்கலாமா? என் வலது கன்னத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்

கேள்வி: "எனக்கு வயது 34. முகத்தில் கொலாஜன் குறையாமல், தோல் சீக்கிரம் தளராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? கொலாஜன் பவுடர் குடித்தால் பலன் இருக்குமா?"

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. 19 வருடம் லோடு வண்டி ஓட்டினேன். இப்போது கோவில்பட்டியில் சின்னதாக ஒரு மொத்தக் கடை. வயது 54. 'ஆம்பளைக்கு இந்தக் கேள்வியில் என்ன வேலை' என்று நினைப்பவர்கள் அடுத்த பதிலுக்குப் போய்விடலாம், எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் கொலாஜன் எப்படிப் போகிறது என்பதற்கு என் முகத்தைவிட நல்ல அத்தாட்சி இந்தத் தளத்தில் யாரிடமும் இருக்காது.

என் இடது கன்னத்துக்கு 50 வயது சொல்லலாம். வலது கன்னத்துக்கு 70.

மகள் நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் குடும்பமாகப் படம் எடுக்க ஸ்டூடியோவுக்குப் போயிருந்தோம். அந்தத் தம்பி லைட்டைப் போட்டார், என்னைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, முகத்தை லேசா வலது பக்கம் திருப்புங்க. இடது கன்னம் தெரியட்டும்" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "அந்தப் பக்கம் நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னார். மூன்று படமும் அப்படியே.

வீட்டுக்கு வந்ததும் மகள் என்னைக் கண்ணாடி முன்னால் நிறுத்தினாள். அவள் பி.ஃபார்ம் படித்தவள். (இதை எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, விட்டுவிடுங்கள்.) இடது கண் ஓரத்தில் இரண்டு கோடு. வலது கண் ஓரத்தில் ஐந்து. அதில் இரண்டு கன்னம் வரை இறங்கி, உழவு போட்ட கரிசல் மாதிரி கிடந்தது. இரண்டு பக்கமும் விரலால் கிள்ளி விட்டாள். இடது உடனே படிந்தது. வலது யோசித்துப் படிந்தது.

"அப்பா, நீங்க எந்த ரூட்ல வண்டி ஓட்டுனீங்க?" என்றாள்.

காலை 6 மணிக்குக் கடலைமிட்டாயும் தீப்பெட்டி பண்டலும் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் சாத்தூர், விருதுநகர் வழியாக மதுரை. வண்டி வடக்கே போகும், சூரியன் கிழக்கே. நம் ஊரில் ஸ்டியரிங் வலது பக்கம், ஆக காலை வெயில் முழுக்க என் வலது கன்னத்தில். சரக்கை இறக்கி, வசூலை முடித்து, 3 மணிக்கு மேல் திரும்பினால் வண்டி தெற்கே பார்த்து வரும். சூரியன் மேற்கே சாய்ந்திருக்கும். அதுவும் வலது பக்கம்தான்! இந்த 19 வருடத்தில் என் இடது கன்னம் பார்த்தது கிளீனர் பையனை மட்டும். ஏசி கிடையாது, என்ஜின் சூடு காலைச் சுடும், கண்ணாடியை இறக்கிவிட்டு முழங்கையை வெளியே வைத்தே ஓட்டுவேன். நாலுவழிச் சாலை போட்டபோது ஓரத்துப் புளியமரங்களையும் வெட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் வழியில் நிழல் என்று இருந்தது சுங்கச்சாவடியின் கூரை ஒன்றுதான். அதற்கும் காசு.

மகள் போனில் ஒரு படம் காட்டினாள். 2012-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்கிற மருத்துவ இதழில் வந்தது. 69 வயது லாரி டிரைவர், 28 வருடம் சரக்கு வண்டி ஓட்டியவர். அமெரிக்காவில் ஸ்டியரிங் இடது பக்கம் என்பதால் அவருக்கு இடது கன்னம் மட்டும் தடித்து, மடிந்து தொங்குகிறது. முகம் தெரியாத மனிதர், ஆனால் கூடப்பிறந்த அண்ணனைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

சரி, கொலாஜனுக்கு வருகிறேன். மகள் எனக்குச் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன். தோலின் உள் அடுக்கு ஒரு கயிற்றுக் கட்டில். அதில் இருக்கும் கயிறுதான் கொலாஜன். ஒவ்வொன்றும் மூன்று இழை முறுக்கிய முப்புரிக் கயிறு. வாலிபத்துக்குப் பிறகு வருடத்துக்குச் சுமார் 1 சதவீதம் தானாகவே குறையும், அதை யாரும் நிறுத்த முடியாது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் 5 வருடத்தில் 30 சதவீதம் வரை போய்விடலாம். வெயில் என்ன செய்கிறது என்றால், அதில் இருக்கும் யுவிஏ கதிர் அந்த உள் அடுக்கு வரை இறங்கி, கயிற்றை அறுக்கும் நொதிகளைக் கிளப்பிவிடுகிறது. புதுக் கயிறு திரிக்கும் வேலையையும் மந்தமாக்குகிறது. கட்டில் தொய்ந்துபோகும்.

நீங்கள் ஏசி ஆபீசில் இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். 'நான் எங்கே வெயிலில் போகிறேன்' என்பீர்கள். சாதாரண ஜன்னல் கண்ணாடி, தோலைச் சுட்டெரிக்கும் யுவிபி-யைத்தான் பெரும்பாலும் தடுக்கும். யுவிஏ உள்ளே வந்துவிடும். காரில் முன் கண்ணாடிக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் இருப்பதால் அது நன்றாகத் தடுக்கும். பக்கக் கண்ணாடியில் பெரும்பாலும் அது கிடையாது. சுடவில்லை, கறுக்கவில்லை என்பதால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. உங்கள் மேசை ஜன்னலோரமா என்று முதலில் பாருங்கள்.

உடனே ஒருவர் வருவார், 'நம் கறுப்புத் தோலுக்கு சன்ஸ்கிரீன் எதற்கு, அதெல்லாம் வெள்ளைக்காரன் வியாபாரம்' என்று. ஐயா, நானும் கறுப்புதான். தோலின் நிறமி காப்பாற்றுகிறது என்பது உண்மை. அதனால் சுருக்கம் தாமதமாக வரும், வராமலே போகாது. இன்னொருவர், 'நீ பீடி சிகரெட் பிடித்திருப்பாய்' என்பார். பிடித்தேன், 12 வருடம். புகையும் கொலாஜனைக் கெடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் புகை இரண்டு கன்னத்துக்கும் பொதுதானே? வெயில்தான் ஒரு பக்கமாகப் பட்டது.

இப்போது பவுடர். மச்சினன் ஏதோ நேரடி விற்பனையில் சேர்ந்து, முதல் டப்பாவை அக்கா தலையில் கட்டினான். 2,400 ரூபாய். 'மெரைன் கொலாஜன்' என்று எழுதியிருந்தது. என் மனைவி மூன்று மாதம் தினமும் காலையில் வெந்நீரில் கலக்கிக் குடித்தாள். ஒரு நாள் மகள் டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு, "அம்மா, இது மீன் தோல்ல இருந்து எடுக்கிறது" என்றாள். அவ்வளவுதான். செவ்வாய், வெள்ளி முட்டைகூடத் தொடாதவள், மூன்று மாத வெள்ளிக்கிழமைகளை விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டாள். அந்தச் சண்டையில் மச்சினன் ஒரு மாதம் வீட்டுப் பக்கமே வரவில்லை.

பலன் இருந்ததா என்றால், அவள் முகம் எப்போதும் போலத்தான் இருந்தது. வயிற்றுக்குள் போனால் அது பெரும்பாலும் அமினோ அமிலங்களாகவும் சின்னச் சின்னத் துண்டுகளாகவும் உடைந்துவிடும். வீட்டை இடித்துச் செங்கலாக்கி லாரியில் ஏற்றுகிற மாதிரி. அந்தச் செங்கல் உங்கள் கன்னத்துக்குத்தான் போய் இறங்கும் என்று யாரும் எழுதித் தர முடியாது. சில ஆய்வுகளில் ஈரப்பதமும் சுருக்கமும் கொஞ்சம் மேம்பட்டதாகச் சொல்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 2025-ல் 23 ஆய்வுகளை, மொத்தம் 1,474 பேரை, ஒன்றாக வைத்து அலசியிருக்கிறார்கள். கம்பெனிப் பணம் வாங்காத ஆய்வுகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் பலன் தெரியவில்லையாம். ஆட்டுக்கால் சூப் பற்றி எழுதப் போகிறவர்களுக்கும் இதே பதில்தான். ஆறினால் ஜெல்லியாக உறையுமே, அது கொலாஜனிலிருந்து வருவதுதான். நானும் விரும்பிக் குடிப்பேன். ருசிக்காக. கொலாஜன் போட்ட கிரீமும் வேண்டாம், அந்த மூலக்கூறு தோலுக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரியது, மேலே ஈரம் காக்கும், அவ்வளவே.

கயிறு திரிக்க வைட்டமின் சி கட்டாயம் வேண்டும், அது இல்லாமல் போய்த்தான் அந்தக் காலத்துக் கப்பல்காரர்களுக்கு ஈறு அழுகியது. அதற்கு ஒரு கொய்யாப்பழம் போதும்.

கடைசியில் மகள் என்னைத் தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். பகலுக்கு சன்ஸ்கிரீன், எஸ்பிஎஃப் 30-க்கு மேல், பிஏ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் குறைந்தது மூன்று கூட்டல் குறி இருக்க வேண்டும் என்றார். எஸ்பிஎஃப் முக்கியமாக யுவிபி கணக்கு, பிஏ தான் யுவிஏ கணக்கு. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்க வேண்டும். நான் நெற்றியில் திருநீறு பூசுகிற அளவுக்குத்தான் முதலில் பூசிக்கொண்டிருந்தேன், மகள் திட்டித் திருத்தினாள். ஆஸ்திரேலியாவில் 903 பேரை வைத்து நாலரை வருடம் பார்த்தார்களாம். தினமும் பூசியவர்களுக்கு, இஷ்டம்போலப் பூசியவர்களைவிடத் தோல் முதிர்ச்சி 24 சதவீதம் குறைவு.

இரவுக்கு ட்ரெட்டினாயின் என்கிற வைட்டமின் ஏ வகை மருந்து கிரீம், 0.025 சதவீதம், பட்டாணி அளவு. அவர் ஒருநாள் விட்டு ஒருநாள் என்றார். நான் சீக்கிரம் சரியாகட்டும் என்று தினமும் போட்டேன். இரண்டாவது வாரம் தோல் உரிந்தது. "பாம்பு சட்டை உரிக்குது" என்று மனைவி சிரித்தாள். அப்புறம் சொன்னபடி போட்டேன். எட்டு ஒன்பது மாதத்தில் சொரசொரப்பு குறைந்தது, மெல்லிய கோடுகள் மங்கின. கன்னம் வரை இறங்கிய அந்த இரண்டு கோடும் அப்படியே இருக்கின்றன, பொய் சொல்ல மாட்டேன். உங்களுக்குக் குழந்தை பெறும் எண்ணம் இருந்தால், அல்லது இப்போது கர்ப்பம் என்றால், இதைத் தொடக்கூடாது. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கவும் வேண்டாம். மெடிக்கல் கடையில் வெள்ளையாக்கும் என்று சொல்லி எடுத்துக்கொடுக்கும் டியூப்களில் ஸ்டீராய்டு இருக்கலாம். அது கொலாஜன் உற்பத்தியையே முடக்கித் தோலைக் காகிதமாக்கிவிடும். எங்கள் சொந்தத்திலேயே ஒரு பெண்ணுக்குக் கன்னத்தில் ரத்தக்குழாய் தெரிகிறது.

இதோடு சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பழைய கார் ஒன்று வாங்கியபோது பக்கக் கண்ணாடிக்கு யுவி தடுக்கும் ஃபிலிம் ஒட்டினேன். துளி கறுப்பு கிடையாது, உள்ளே இருப்பவன் பல் இடுக்குகூடத் தெரியும். ஒரு ஊரில் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, ஃபிலிம் ஒட்டக்கூடாது என்று 2012-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது என்றார்கள். கேட்டுப் பார்த்தேன், கறுப்போ வெள்ளையோ எதையும் ஒட்டக்கூடாது என்றுதான் தீர்ப்பாம். சரி, சட்டம் என்றால் சட்டம். அபராதம் கட்டினேன், அங்கேயே நின்று நகத்தால் கிழித்தேன். நான் கிழித்துக்கொண்டிருக்கும்போதே கட்சிக் கொடி கட்டிய வண்டி ஒன்று, உள்ளே யார் இருக்கிறார்கள் என்றே தெரியாத கண்ணாடியோடு, ஹாரன் அடித்துக்கொண்டு போனது. சல்யூட் வேறு. ரசீதில் எனக்கு எழுதியிருந்த குற்றம் 'கறுப்புக் கண்ணாடி'.

எந்த சன்ஸ்கிரீன் என்று கேட்டு இன்பாக்ஸில் வராதீர்கள். பெயர் சொன்னால் காசு வாங்கிவிட்டேன் என்பீர்கள். அந்தக் கொலாஜன் டப்பா பற்றியும் இரண்டு பேர் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். நல்ல கெட்டியான மூடி. மனைவி அதில் இப்போது பொட்டுக்கடலை போட்டு வைத்திருக்கிறாள், வெள்ளிக்கிழமை மட்டும் அதிலிருந்து எடுப்பதில்லை.