விபத்து நடந்த இடத்துக்கு முதலில் போகும் காவலர் எதைக் கவனிக்க வேண்டும்?

கேட்டவர் பயிற்சியில் இருக்கும் காவலர். சேலம் பக்கம் பணி கிடைக்கலாம் என்கிறார். விபத்து நடந்த இடத்தில் முதலில் எதைப் பார்ப்பது, 'பெரிய வண்டி மேல்தான் கேஸ்' என்று சொல்வது சரியா என்பவை அவர் கேள்விகள்.

நான் போலீஸ் இல்லை, வக்கீல். சேலம் கோர்ட்டில் விபத்து வழக்குகள் நடத்துகிறேன். சிலவற்றில் அடிபட்டவர் பக்கம், சிலவற்றில் ஓட்டுநர் பக்கம். நீங்கள் எழுதும் கேஸ் கட்டை வரிவரியாகப் படிப்பதும், உங்களைக் கூண்டில் நிறுத்திக் குடைவதும்தான் என் தொழில். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எந்த முதல் தகவல் அறிக்கையை எடுத்தாலும் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து' என்ற வரி இருக்கும். எதிர்த்தரப்புக்கு அதைவிட வசதியான வரி கிடையாது. எவ்வளவு வேகம், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. லாரி கவிழ்ந்த ஒரு வழக்கில் (கர்நாடக அரசு – சதீஷ், 1998) சாட்சிகள் 'அதிவேகம்' என்று மட்டும் சொன்னதை வைத்து ஓட்டுநரைத் தண்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆகவே யார் குற்றவாளி என்று முதலில் முடிவு கட்டாதீர்கள். ரோட்டில் கிடப்பதை அளந்து எழுதுங்கள், குற்றவாளியை அது சொல்லும்.

முதல் வேலை உயிர்தான், 108 தான். தூக்கிவிட வந்தவரைப் பெயர் கேட்டு மிரட்டாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவின்படி அவர் பெயர் சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. கூடவே போக்குவரத்தை நிறுத்த வேண்டும். ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் விபத்து என்றால் வளைவிலேயே நின்று கை காட்டிப் பயனில்லை. மேலே ஒருவர், கீழே ஒருவர் தள்ளி நிற்க வேண்டும். இறங்கி வரும் வண்டிக்கு நிற்க அதிக தூரம் வேண்டும் என்பதால் மேலே நிற்பவர் இன்னும் தள்ளி நிற்கட்டும்.

அப்புறம் போட்டோ. வண்டிகள் வரிசை கட்டியதும் 'சீக்கிரம் நகர்த்துங்க' என்று எல்லோரும் கத்துவார்கள், உங்கள் அதிகாரி உட்பட. நகர்த்தத்தான் வேண்டும். அதற்கு முன்னால் நாலு சக்கரமும் நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துவிடுங்கள். சாக்பீஸ் இல்லையென்றால் செங்கல் துண்டு போதும். தூரத்திலிருந்து, நடுவிலிருந்து, கிட்டத்திலிருந்து என்று படம் எடுங்கள். கிட்டத்துப் படத்தில் அளவு தெரிய ஒரு ஸ்கேல் இருக்கட்டும். செல்போன் படம் கோர்ட்டில் நிற்க, பாரதிய சாக்ஷ்ய சட்டம் (இப்போதைய சாட்சியச் சட்டம்) 63(4)-ன் கீழ் சான்று வேண்டும். அது இல்லாமல் வரும் கட்டுகளை இன்றும் பார்க்கிறேன். எங்களுக்குக் கொண்டாட்டம்தான்.

வண்டிக்குள் கியர் எதில் இருக்கிறது என்று உடனே படம் எடுங்கள். தொப்பூர் கணவாய் தர்மபுரி மாவட்டம்தான், ஆனாலும் அங்கே நடப்பது சேலத்துக்காரர்களுக்குத் தெரியும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கும்போது இன்ஜின் பிடிப்பு போய்விடும். முழுப் பாரமும் பிரேக்கில் விழ, டிரம் சூடேறிப் பிரேக் பிடிக்காமல் போகும். நியூட்ரலில் வந்தாரா என்பதுதான் அப்படிப்பட்ட வழக்கின் உயிர்நாடி. ஆனால் கிரேன்காரர் இழுத்துப் போவதற்காக முதலில் செய்வதே கியரை நியூட்ரலில் தள்ளுவதுதான். அதற்கப்புறம் அந்தக் கியரை வைத்து நீங்களும் எதையும் நிரூபிக்க முடியாது, நானும் முடியாது.

இப்போது ரோடு. பிரேக்கில் டயர் சுழலாமல் பூட்டி இழுத்த தடம் பெரும்பாலும் நேராக, கறுப்பாக இருக்கும். வண்டி பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே உருண்ட தடம் வளைந்திருக்கும், அதற்குள் சாய்ந்த கோடுகள் தெரியும். இரண்டுக்கும் வேகக் கணக்கு வேறு என்பதால் இரண்டையும் 'பிரேக் தடம்' என்று ஒரே பெயரில் எழுதாதீர்கள். நேர்த் தடத்துக்குக் கணக்கு சுலபம். தடத்தின் நீளத்தை மீட்டரில் எடுத்து, உராய்வு எண்ணாலும் (ரோட்டில் டயருக்கு எவ்வளவு பிடிப்பு என்ற எண்) 254-ஆலும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரும். காய்ந்த தார் ரோட்டுக்கு உராய்வு எண் சுமார் 0.7. தடம் 20 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 60 கி.மீ. இது குறைந்தபட்ச வேகம்தான். தடம் முடியும் இடத்தில் மோதியிருந்தால் நிஜ வேகம் இன்னும் கூடுதல்.

இதே 20 மீட்டர் 6 சதவீத இறக்கத்தில் என்றால் விடை 57-க்கு இறங்கிவிடும். இறக்கத்தில் வண்டி நிற்கத் தாமதமாகும் என்பதால் குறைந்த வேகத்திலேயே அவ்வளவு நீளம் தடம் விழும். 'இறக்கத்தில் வந்தார், அதனால் இன்னும் வேகம்' என்று எழுதுபவர் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார். ரோட்டின் சாய்வையும் ஈரமா காய்ந்ததா என்பதையும் பார்வை மகஜரில் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் பதிவில்) குறிக்கச் சொல்வது இதற்காகத்தான். இன்னொன்று, தடமே இல்லை என்பதால் பிரேக் அடிக்கவில்லை என்று ஆகாது. ஏ.பி.எஸ். (பிரேக் அடித்தாலும் சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) உள்ள வண்டியில் தடம் மங்கலாக இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய பைக்குகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம்.

தடத்தைவிட நான் மதிப்பது தாரில் விழும் பள்ளக் கீறலைத்தான். இரும்பு தாரைக் கிழிக்கும் இடம்தான் அநேகமாக மோதிய இடம். ஏற்காடு பாதையில் நடந்த ஒரு வழக்கு. இறங்கி வந்த வேன், ஏறிப்போன பைக். வேன் நின்றதோ வலது ஓரத்தில், அதாவது தப்பான பக்கத்தில். கூடியிருந்தவர்கள் எல்லோரும் வேனைத்தான் கை காட்டினார்கள். ஆனால் ஒரு இளம் எஸ்.ஐ. குனிந்து தாரைப் பார்த்திருக்கிறார். விரல் நீளத்துக்கு ஒரு கீறல், அதுவும் வேன் வர வேண்டிய பாதி ரோட்டுக்குள். பைக்கின் ஃபுட்ரெஸ்ட் நுனியில் தார் ஒட்டியிருந்ததையும் படம் எடுத்திருக்கிறார். வளைவை வெட்டி ஏறிய பைக் வேனின் வலது முன்சக்கரத்தில் மோத, டயர் வெடித்து வேன் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. நான் பைக்காரருக்கு ஆஜரானேன். நஷ்டஈட்டில் ஒரு பங்கு கழிந்ததை என்னால் தடுக்க முடியவில்லை, அந்த எஸ்.ஐ. போட்ட வரைபடம் அந்த அளவு சுத்தம்.

பெரிய வண்டி பற்றிய உங்கள் கேள்விக்கு இதுவே பாதிப் பதில். மீதிப் பாதி, கொண்டை ஊசியில் பஸ் நடுக்கோட்டைத் தாண்டியது என்பது மட்டும் தவறாகாது. நீளமான வண்டியின் பின்சக்கரம் உள்ளே வெட்டிக்கொண்டு வரும், அதனால் முன்பக்கம் அகலமாகச் சுற்றியே ஆக வேண்டும். அகலம் போதாத மலைச்சாலையில் ஏறும் வண்டிக்குத்தான் இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது 2017 ஓட்டுநர் ஒழுங்குமுறை விதி. யார் ஏறினார், யார் இறங்கினார் என்று அறிக்கையில் எழுதாமல் விடாதீர்கள்.

அளக்கும்போது 'புளியமரத்துக்கு அருகில்' வேண்டாம். கிலோமீட்டர் கல், பாலச்சுவர் மாதிரி நகராத இரண்டு இடங்களிலிருந்து அளந்தால் ஐந்து வருஷம் கழித்தும் அந்தப் புள்ளியைப் பிடிக்கலாம்.

இரவு விபத்தில் உடைந்த பல்பைக் குப்பை என்று ஒதுக்காதீர்கள். எரிந்துகொண்டிருந்த பல்பின் இழை சூட்டில் இளகியிருக்கும், மோதலில் நீண்டு வளையும். அணைந்திருந்தால் வளையாது, முறிந்தால் சுத்தமாக முறியும். லைட் போட்டிருந்தாரா, இண்டிகேட்டர் போட்டாரா என்பதற்கு இது சாட்சி. எல்.இ.டி.க்கு இது பொருந்தாது. பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) பார்க்கும்வரை வண்டியை விடக்கூடாது என்பது உங்களுக்கே தெரியும்.

சாட்சிகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். டீக்கடைக்காரர் வேகத்தைப் பற்றி நிறையச் சொல்வார். நான் கூண்டில் கேட்பது ஒரே கேள்விதான், 'சத்தம் கேட்டுத்தானே திரும்பிப் பார்த்தீங்க?' ஆமாம் என்பார். மோதியதை அவர் பார்க்கவே இல்லை. அவர் எங்கே நின்றார், எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நீங்களே முதலில் கேட்டு எழுதிவிட்டால் எனக்கு வேலை இல்லை.

காகித வேலை: 2024 ஜூலை 1 முதல் நடந்த விபத்துகளுக்கு பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 281, காயத்துக்கு 125, மரணத்துக்கு 106(1). 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிப்படி முதல் விபத்து அறிக்கை 48 மணி நேரத்துக்குள், விரிவான அறிக்கை 90 நாளுக்குள் விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். முதல் நாள் அளவுகள் சரியாக இருந்தால் 90 நாள் தாராளம். 30 மீட்டர் டேப் ஒன்றைச் சொந்தக் காசிலாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டேஷன் டேப் தேடும்போது கிடைக்காது.