பி450 போர்டில் ஆர்டிஎக்ஸ் 4060 போடலாமா, போர்டையும் மாற்ற வேண்டுமா?

உங்கள் கேள்வி இதுதான்: இருப்பது திருகோணமலை உப்புவெளியில். கையில் பி450 மதர்போர்டும் ரைசன் 5 5600ஜி ப்ரொசெசரும். ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்ட் எடுக்கப் போகிறீர்கள். "அது ஜென் 4 கார்ட், பி550 போர்ட் போட்டால்தான் முழு வேகம் வரும்" என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள்.

போர்டை மாற்ற வேண்டாம். கார்ட் போடும் மேல் ஸ்லாட்டுக்கான லேன்கள், அதாவது தரவு ஓடும் பாதைகள், ப்ரொசெசரில் இருந்து நேராக வருபவை. இந்த இணைப்பின் பெயர் பிசிஐஇ; கடையில் சொன்ன ஜென் 4 என்பது அதன் 4.0 பதிப்பு. 5600ஜி தருவதே பிசிஐஇ 3.0 தான். அதே ப்ரொசெசரைத் தூக்கி பி550-இல் வைத்தாலும் 3.0 தான் கிடைக்கும். காசு போகும், வேகம் கூடாது. 4.0 வேண்டுமென்றால் போர்டோடு சேர்த்து ப்ரொசெசரும் 5600 அல்லது 5600எக்ஸ் என்று மாற வேண்டும். அந்தச் செலவுக்கு இதைவிட நல்ல கார்டே எடுக்கலாம்.

எந்தக் கார்டும் பழைய ஸ்லாட்டில் வேலை செய்யும், புதிய ஸ்லாட்டிலும் செய்யும். பார்க்க வேண்டியது கார்டுக்கு எத்தனை லேன் என்பதை. 4060-க்கு எட்டு லேன்தான். 3.0-இல் எட்டு லேன் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிபி, 4.0-இல் 16 ஜிபி. கார்டின் 8 ஜிபி மெமரி நிரம்பாதவரை இந்த வித்தியாசம் விளையாடும்போது தெரியாது. நிரம்பியதும் மிச்ச டெக்ஸ்சர்கள் ரேமில் இருந்து இந்த லேன் வழியாக ஓடி வர வேண்டும். அப்போதுதான் படம் திக்கித் திக்கி நகரும். டெக்ஸ்சர் அளவை ஒரு படி குறைத்தால் சரியாகிவிடும். 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060-க்குப் பதினாறு லேன் இருப்பதால் உங்கள் போர்டில் இந்தத் தொல்லை குறைவு. விலை மலிவு என்று ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கம் மட்டும் போகாதீர்கள்: நான்கே லேன், நான்கு ஜிபி மெமரி. 3.0 போர்டில் அது படுத்துவிடும்.

கார்டை ப்ரொசெசருக்குப் பக்கத்தில் உள்ள மேல் ஸ்லாட்டில்தான் போட வேண்டும். கீழேயும் ஒரு நீள ஸ்லாட் இருந்தால் அதை நம்பாதீர்கள். பெரும்பாலான பி450 போர்டுகளில் அது ப்ரொசெசரில் இருந்து நேராக வராமல், போர்டில் உள்ள சிப்செட் என்ற துணைச் சிப் வழியாக வரும் 2.0, நான்கு லேன். நொடிக்கு 2 ஜிபி மட்டுமே. பூட்டிய பிறகு ஜிபியூ-இசெட் மென்பொருளைத் திறந்து 'பஸ் இன்டர்ஃபேஸ்' வரியைப் பாருங்கள். @ குறிக்குப் பின்னால் எட்டு லேன், 3.0 என்று இருக்க வேண்டும். சும்மா இருக்கும்போது 1.1 என்று காட்டும், பயப்பட வேண்டாம். பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட் ஓட விட்டால் 3.0-க்கு ஏறும். லேன் எண்ணிக்கை நான்கு என்று நின்றால் கார்ட் சரியாக உட்காரவில்லை, அல்லது பித்தளை நிறப் பற்களில் அழுக்கு. கடற்காற்று அடிக்கும் இடத்தில் இது சாதாரணம். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுப் பற்களைத் துடைத்து, நன்றாக உலர விட்டுத் திரும்பப் போடுங்கள். அழிறப்பரால் தேய்த்தால் மேல்பூச்சு போய்விடும்.

மொனிட்டர் கேபிளைக் கார்டில் செருகுங்கள், போர்டில் அல்ல. 5600ஜி-க்குள்ளேயே கிராஃபிக்ஸ் இருப்பதால் போர்டில் செருகினாலும் படம் வரும். கேம் மட்டும் இழுபடும். பலர் "கார்ட் பழுது" என்று திருப்பிக் கொண்டுபோவது இதனால்தான்.

போர்டுக்கு என்று ஒதுக்கிய காசைப் பவர் சப்ளையில் போடுங்கள், உண்மையான கவலை அங்கேதான். கார்ட் 115 வாட், ப்ரொசெசர் முழுச் சுமையில் 88, மற்றவற்றுக்கு 50 என்று வைத்தாலும் 253 வாட்தான். ஆனால் கேசிங்கோடு சேர்த்துத் தரும் சப்ளையின் பெட்டியில் எழுதியிருக்கும் 450-ஐ நம்ப முடியாது. லேபிளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பார்த்துப் 12-ஆல் பெருக்குங்கள். 30 ஆம்பியர் என்றால் 360 வாட். அதற்குக் குறைந்தால் மாற்றுங்கள். தரமான 550 வாட் ஒன்று போதும். கார்டுக்கு 6+2 பின் கேபிள், ப்ரொசெசருக்கு 4+4; பார்க்க ஒன்றுபோல இருக்கும். இறுகினால் தள்ளாதீர்கள், தவறான கேபிளாக இருக்கும்.

ப்ரொசெசர் கார்டின் மெமரி முழுவதையும் ஒரேயடியாக எட்டுவதற்கு, பயொஸில் (போர்டின் செட்டிங்ஸ் திரை) 'அபவ் 4ஜி டிகோடிங்', 'ரீசைசபிள் பார்' இரண்டையும் இயக்குங்கள். அதற்குப் பழைய முறையில் பூட் செய்ய உதவும் சிஎஸ்எம்-ஐ நிறுத்த வேண்டும். முதலில் டிஸ்க் மனேஜ்மென்ட்டில் விண்டோஸ் டிஸ்க் ஜிபிடியா எம்பிஆரா (டிஸ்க்கைப் பிரிக்கும் புதிய முறையா, பழைய முறையா) என்று பாருங்கள். எம்பிஆர் என்றால் சிஎஸ்எம் நின்றதும் விண்டோஸ் எழும்பாது. திரும்ப இயக்கினால் எழும்பும், தரவு எங்கும் போகாது.

கேசிங்கில் பின்தகட்டில் இருந்து முன் மின்விசிறிவரை அளந்துவிட்டு வாங்குங்கள். இரட்டை விசிறிக் கார்ட் பெரும்பாலும் 25 சென்டிமீட்டருக்குள் அடங்கும், மூன்று விசிறி என்றால் 30 வரை போகும்.

கொழும்பில் பூட்டிய மெஷினைப் பஸ்ஸில் திருகோணமலைக்கு எடுத்து வருவதென்றால், கார்டைக் கழற்றி அதன் பெட்டியிலேயே தனியாகக் கொண்டுவாருங்கள். அத்தனை மணிநேரக் குலுக்கலில் கார்டின் பாரம் முழுவதும் ஸ்லாட்டில் தொங்கும். உடைவது ஸ்லாட் என்றால், மாற்ற வேண்டாம் என்று சொன்ன அதே போர்டைத்தான் மாற்ற வேண்டி வரும்.