சராசரி ஏன் அரசு எண்ணோடு ஒத்துப்போகவில்லை? குடும்பச் செலவுத் தரவைக் கையாளும் முறை

கேள்வி: முதுகலைப் பொருளியல் படிக்கிறேன். ரேஷனில் விலையில்லா அரிசி கிடைப்பதால் தமிழ்நாட்டுக் கிராமக் குடும்பங்களுக்கு எவ்வளவு மிச்சமாகிறது என்பது என் ஆய்வு. 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின் தரவை இறக்கி எக்செலில் சராசரி போட்டேன். அரசு அறிக்கையில் தலைக்கு மாதச் செலவாக உள்ள ரூ.5,310 வரவில்லை, அதைவிட அதிகமாக வருகிறது. எங்கே தவறு? தருமபுரி மாவட்டத்துக்கு மட்டும் தனியாக எண் எடுக்கலாமா?

பதில்: பெரும்பாலும் நீங்கள் பெருக்கெண்ணை, அதாவது ஒரு மாதிரிக் குடும்பம் மொத்தத்தில் எத்தனை குடும்பங்களுக்குப் பிரதிநிதி என்று சொல்லும் எண்ணை, பயன்படுத்தாமல் விட்டிருப்பீர்கள். இந்தக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு கிராமத்திலும் 18 குடும்பங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் குருட்டுச் சீட்டு எடுப்பதுபோல எடுக்கவில்லை. நிலம் வைத்திருக்கும் அளவை வைத்துக் குடும்பங்களை முதலில் மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். நகரத்தில் கார் இருக்கிறதா என்று பார்த்தார்கள். வசதியான குடும்பங்கள் எண்ணிக்கையில் குறைவு, செலவிலோ ஒன்றுக்கொன்று வித்தியாசம் அதிகம். அதனால் மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்கைவிடக் கூடுதலாக மாதிரியில் இடம்பெறக்கூடும். அதைச் சரிக்கட்டத்தான் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பெருக்கெண். எக்செலின் சாதாரண சராசரிக்கு இது தெரியாது.

அடுத்த பிழை இன்னும் நுட்பமானது. தனிநபர் செலவின் சராசரி வேண்டுமென்றால் பெருக்கெண்ணோடு குடும்ப உறுப்பினர் எண்ணிக்கையையும் பெருக்க வேண்டும். கற்பனையாக இரண்டு குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் 6 பேர், மாதச் செலவு ரூ.18,000, பெருக்கெண் 200. மற்றதில் 2 பேர், செலவு ரூ.14,000, பெருக்கெண் 50. தலைக்கு முறையே ரூ.3,000, ரூ.7,000. சாதாரண சராசரி ரூ.5,000. குடும்பப் பெருக்கெண் மட்டும் போட்டால் ரூ.3,800. ஆள் எண்ணிக்கையையும் சேர்த்தால் 1,200 பேருக்கு 3,000, 100 பேருக்கு 7,000 என்று ஆகி ரூ.3,308 வரும். அதே தரவுதான், விடை மட்டும் மூன்று. கோப்போடு வரும் விளக்கக் குறிப்பையும் முதலில் படியுங்கள். பெருக்கெண்ணை 100-ஆல் வகுக்க வேண்டியிருக்கும்.

இந்தச் சுற்றுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. உணவுக்கு ஒன்று, அன்றாடப் பொருள்கள், சேவைகளுக்கு ஒன்று, நீடித்து உழைக்கும் பொருள்களுக்கு ஒன்று என மூன்று வினாத்தாள்கள். மூன்று வெவ்வேறு மாதங்களில் நேரில் போய்க் கேட்டார்கள். இடையில் மகன் வேலைக்கு வெளியூர் போயிருப்பான், மகள் பிரசவத்துக்கு வந்திருப்பாள். ஆகவே ஒவ்வொரு வினாத்தாளின் செலவையும் அந்தந்த வருகையின் ஆள் எண்ணிக்கையால் வகுத்த பிறகே கூட்ட வேண்டும். காய்கறி, மீன், எண்ணெய் போன்றவற்றுக்குக் கடந்த 7 நாள் செலவைக் கேட்டிருப்பார்கள். அதை 30/7-ஆல் பெருக்குங்கள். துணி, கல்விக் கட்டணம், மருத்துவமனைச் செலவுக்கு 365 நாள், 30/365-ஆல் பெருக்குங்கள்.

இனி உங்கள் ஆய்வின் மையத்துக்கு வருவோம். ரூ.5,310 என்ற எண்ணில் விலையில்லா அரிசியின் மதிப்பு இல்லை. காசு கொடுக்காததால் அங்கே அதன் செலவு பூஜ்யம். இலவசப் பொருள்களுக்கு மதிப்புப் போட்டுச் சேர்த்த எண்களையும் அரசு தனியாக வெளியிட்டது. அகில இந்தியக் கிராமச் சராசரி அப்போது ரூ.3,773-இலிருந்து ரூ.3,860 ஆகிறது, 2.3% உயர்வு. அடிமட்ட 5% கிராம மக்களை மட்டும் பார்த்தால் ரூ.1,373 என்பது ரூ.1,441 ஆகிறது, இது ஏறக்குறைய 5%. ரேஷன் யாருக்கு எவ்வளவு தாங்குகிறது என்பது சராசரியில் தெரியவே தெரியாது. உங்கள் அட்டவணையையும் செலவு அடுக்குவாரியாகவே போடுங்கள்.

என்ன விலை போடுவது என்பதுதான் முடிவையே மாற்றும் இடம். 20 கிலோ ரேஷன் அரிசிக்குப் பொன்னி அரிசி விலையாகக் கிலோவுக்கு ரூ.50 வைத்தால் ரூ.1,000, மலிவு ரக அரிசிக்கு ரூ.35 வைத்தால் ரூ.700. நான்கு பேர் குடும்பத்தில் தலைக்கு ரூ.75 வித்தியாசம். அரசு இரண்டு விலைகளைப் பயன்படுத்தியது: அந்தந்த மாநிலத்தின் கிராமம், நகரம் தனித்தனியாக, பலரும் கொடுத்த விலை ஒன்று; விலைகளை ஏறுவரிசையில் அடுக்கினால் கால்பங்கில் நிற்கும் விலை மற்றொன்று. ரேஷன் அரிசிக்கு இரண்டாவதே நியாயம் என்பது என் கருத்து. இரண்டையும் காட்டுங்கள்.

இன்னொன்று: கணக்கெடுப்பு பதிவு செய்வது வீட்டில் உண்ட அரிசியை, கடையில் வாங்கிய அரிசியை அல்ல. மாட்டுக்கு வைத்ததும் விற்றதும் இதில் வராது. ரேஷனிலிருந்து வந்ததாக வீடுகள் சொன்ன தானியத்தையும் அரசுக் கிடங்கிலிருந்து வெளியேறிய தானியத்தையும் ஒப்பிட்டுத்தான் பொருளியலாளர்கள் ழான் ட்ரேஸ், ரீதிகா கேரா போன்றோர் கசிவை (கிடங்கைவிட்டுப் போயும் வீடு சேராத தானியத்தை) மதிப்பிட்டார்கள்: நாடு முழுக்க 2004-05-இல் சுமார் 54%, 2011-12-இல் சுமார் 42%. பொது விநியோகம் தேறுகிறதா இல்லையா என்ற கொள்கை விவாதம் இந்த எண்களை வைத்தே நடந்தது.

2011-12-உடன் ஒப்பிடும் ஆசை வரும். வறுமையை அளக்க அரசு அமைத்த டெண்டுல்கர் குழுவின் முறைப்படி அந்த ஆண்டின் அகில இந்தியக் கிராம வறுமைக்கோடு தலைக்கு மாதம் ரூ.816, ஆனால் அது உணவுக்கு 7 நாள் கேள்வி இல்லாத முறையில் வகுத்தது. 7 நாள் செலவைக் கேட்டால் பொதுவாகச் செலவு கூடுதலாகப் பதிவாகும். அதை விலைவாசிக்கேற்ப உயர்த்தி இன்றைய தரவின்மேல் அப்படியே வைத்தால், கேள்வி மாறியதால் மட்டுமே வறுமையில் ஒரு பகுதி மறைந்துவிடும். 1999-2000-இல் இது நடந்தே இருக்கிறது. உணவுக்கு 7 நாள், 30 நாள் இரண்டையும் ஒரே குடும்பத்திடம் பக்கத்தில் பக்கத்தில் கேட்டதால் ஒரு விடை மற்றதைப் பாதித்தது. வறுமை எவ்வளவு குறைந்தது என்று பல ஆண்டுகள் சண்டை ஓடியது. பிறகு நோபல் பரிசு பெற்ற ஆங்கஸ் டீட்டன், கேள்விமுறை மாறாத பொருள்களை மட்டும் பிடித்துக்கொண்டு அந்த எண்ணைத் திருத்தினார்.

தருமபுரிக்குத் தனி எண் எடுக்காதீர்கள். இந்தச் சுற்று மாநில அளவு மதிப்பீட்டுக்காக வடிவமைத்தது. மாவட்டத்தில் 10 கிராமங்கள் சிக்கியதாக வைத்தால் 180 குடும்பங்கள். ஒரே ஊர்க்காரர்களின் செலவு ஒன்றுபோல இருக்கும். அந்த ஒற்றுமை (0 என்றால் இல்லை, 1 என்றால் முழுமை) 0.1 என்றாலே வடிவமைப்பு விளைவு, அதாவது கொத்தாக மாதிரி எடுத்ததால் துல்லியம் குறையும் மடங்கு, 1 + 17 × 0.1 = 2.7. 180-ஐ அதனால் வகுத்தால் 67 குடும்பங்களிடம் தனித்தனியே கேட்டதற்குச் சமம். அதையும் ஐந்து செலவு அடுக்காகப் பிரித்தால் அடுக்குக்கு 13.

அதற்குப் பதிலாக, இந்தத் தரவைத் திரட்டும் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டை நான்கு வட்டாரங்களாகப் பிரித்திருப்பதைப் பயன்படுத்துங்கள். தருமபுரி, சேலம், ஈரோடு, கோவை உள்ளிட்ட உள்நாட்டு வட்டாரத்துக்கு மதிப்பீடு எடுங்கள். எக்செலை விட்டு ஆர் அல்லது ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளுக்கு மாறி, அடுக்கு (மாதிரி எடுக்கக் கிராமங்களைப் பிரித்த தொகுப்பு, செலவு அடுக்கு அல்ல), கிராமம், பெருக்கெண் மூன்றையும் அறிவித்துவிட்டுக் கணக்கிடுங்கள். ஏதாவது ஓர் அடுக்கில் ஒரே ஒரு கிராமம் இருந்தால் ஸ்டேட்டா பிழை அளவைக் காலியாக விட்டுவிடும்; அந்த அடுக்கைப் பக்கத்து அடுக்கோடு சேர்த்து ஓட்டுங்கள். ஆனால் முதலில் மாநிலக் கிராமச் சராசரி ரூ.5,310 வருகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். அது வராதவரை மேலே போக வேண்டாம்.