மிதவாதிகள் கட்சி மாறுவது கொள்கைக்காகவா, பதவிக்காகவா? முதலில் பிரைமரி கணக்கைப் பாருங்கள்

கேள்வி: அமெரிக்காவில் இரண்டு பெரிய கட்சிகளும் கொள்கையில் இறுகிக்கொண்டே போகின்றன. நடுவில் நிற்கும் அரசியல்வாதிகள் சிலர் கட்சி மாறுகிறார்கள். இது கொள்கைக்காகவா, பதவிக்காகவா? மாறியவர்கள் பிழைத்தார்களா?

யாரோ ஒரு செனட்டர் கட்சியை விட்டு விலகிய செய்தியைப் படித்திருப்பீர்கள், கூடவே அவரைத் துரோகி என்றும் விலைபோனவர் என்றும் திட்டியிருந்ததையும் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த வசவுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். பதவி ஆசை இல்லாத அரசியல்வாதி உண்டு என்று நான் வாதாட வரவில்லை. எல்லாரும் பதவியில் நீடிக்கத்தான் பார்க்கிறார்கள். ஆனால் 20, 30 வருடம் ஒரே கட்சியில் இருந்தவர் திடீரென்று ஏன் நகர்கிறார் என்பதற்கு ஆசை மட்டும் விடையாகாது. ஆசை அந்த 30 வருடமும் இருந்ததுதானே?

அடிப்படை விதி ஒன்று. அங்கே கட்சித் தாவல் தடைச் சட்டம் கிடையாது. தொகுதியில் ஜெயித்த இடம் அந்த மனிதருடையது, கட்சியுடையது அல்ல. கட்சியை எதிர்த்து வாக்களித்தாலும் பதவி போகாது, கட்சி மாறினாலும் போகாது. கட்சித் தலைமை சீட்டு கொடுப்பதும் இல்லை. வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது பிரைமரி எனப்படும் உட்கட்சித் தேர்தல், அதில் வாக்களிப்பது சாதாரண வாக்காளர்கள். பென்சில்வேனியா, புளோரிடா போன்ற மாநிலங்களில் அந்தக் கட்சியின் பெயரில் பதிவு செய்துகொண்டவர்கள் மட்டுமே அந்தக் கட்சியின் பிரைமரியில் வாக்களிக்கலாம். இதற்கு மூடிய பிரைமரி என்று பெயர். மிதவாதியின் கழுத்தை நெரிப்பது பெரும்பாலும் தலைமை அல்ல, இந்த மூடிய அறைதான்.

ஆர்லென் ஸ்பெக்டர் கதையை விரிவாகச் சொன்னால் மீதி தானாகப் புரியும். பென்சில்வேனியாவின் குடியரசுக் கட்சி செனட்டர், 1980-இல் ஜெயித்து உள்ளே போனவர். 2004 பிரைமரியில் பாட் டூமி என்ற தீவிர வலதுசாரி அவரை எதிர்த்தார். 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்த அந்தத் தேர்தலில் ஸ்பெக்டர் தப்பியது ஏறக்குறைய 17,000 வாக்கு வித்தியாசத்தில். அதிபர் புஷ் நேரில் வந்து ஆதரித்தும் அவ்வளவுதான். அதே வருடம் நவம்பர் பொதுத் தேர்தலில் மாநிலம் முழுக்க 55 லட்சம் பேர் அளவில் வாக்களித்தார்கள், அதில் அவர் நிம்மதியாக ஜெயித்தார். 55 லட்சம் பேரிடம் செல்வாக்கு உள்ளவரை 5 லட்சம் பேர் சேர்ந்து வீட்டுக்கு அனுப்ப முடியும் என்ற நிலைமை அப்போதே வந்துவிட்டது.

அடுத்து நடந்ததைத்தான் பலர் கவனிப்பதில்லை. 2008-இல் ஒபாமாவும் ஹிலரி கிளின்டனும் மோதிய ஜனநாயகக் கட்சி பிரைமரியில் வாக்களிப்பதற்காகவும், புஷ் ஆட்சி மீதான சலிப்பினாலும் பென்சில்வேனியாவின் மிதவாதக் குடியரசுக் கட்சிக்காரர்கள் பெருமளவில் தங்கள் பதிவை மாற்றிக்கொண்டார்கள். 2 லட்சத்துக்கும் மேல் என்பது ஸ்பெக்டரே சொன்ன கணக்கு. 17,000-இல் தப்பியவருக்கு அவரைத் தாங்கி நின்ற 2 லட்சம் பேர் காணாமல் போனால் என்ன ஆகும்? மிதவாதத் தலைவர் கட்சியை விட்டுப் போவதற்கு முன்பே மிதவாத வாக்காளர் போய்விடுகிறார். மிஞ்சியவர்கள் முன்னைவிட இறுக்கமானவர்கள். அடுத்த மிதவாதிக்கு வாக்கு இன்னும் குறையும், அவரும் போனால் கட்சி இன்னும் இறுகும். கொள்கைத் தூய்மை என்பது யாரோ மேலே உட்கார்ந்து கட்டளையிட்டு வருவதில்லை, இப்படித்தான் சுற்றிச் சுற்றி வளர்கிறது.

2009 பிப்ரவரியில் ஒபாமாவின் 787 பில்லியன் டாலர் பொருளாதார மீட்புச் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்த குடியரசுக் கட்சி செனட்டர்கள் மூவர்: ஸ்பெக்டர், மெய்ன் மாநிலத்தின் ஒலிம்பியா ஸ்னோ, சூசன் காலின்ஸ். டூமி மறுபடி களமிறங்கினார். கருத்துக்கணிப்புகளில் ஸ்பெக்டர் வெகுவாகப் பின்தங்கினார். ஏப்ரல் 28-ஆம் தேதி ஜனநாயகக் கட்சிக்கு மாறுவதாக அறிவித்தார். தன் 29 வருடப் பணியைக் குடியரசுக் கட்சி பிரைமரி வாக்காளர்கள் மட்டும் எடைபோடுவதை ஏற்க மாட்டேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். இதைச் சுயநலம் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். மறைக்காமல் சொன்னாரே, அதற்காக அவரை மதிக்கிறேன்.

மாறிய பிறகு என்ன உடையும்? முதலில் சீனியாரிட்டி. செனட்டில் கமிட்டி தலைமை, துணைக் கமிட்டி, ஊழியர் பலம் எல்லாம் சீனியாரிட்டி வரிசையைப் பிடித்துத்தான் நகரும். ஸ்பெக்டரின் சீனியாரிட்டி அப்படியே தொடரும் என்று ஜனநாயகக் கட்சித் தலைவர் ஹாரி ரீட் நம்பிக்கை கொடுத்திருந்தார். ஒரே வாரத்தில், மே 5 அன்று, செனட் தீர்மானம் அவரைக் கிட்டத்தட்ட எல்லாக் கமிட்டிகளிலும் ஜனநாயகக் கட்சி வரிசையின் கடைசிக்குத் தள்ளியது. தங்கள் முறைக்காக வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் வந்தவருக்காக ஒதுங்கத் தயாராக இல்லை. நீதித்துறைக் கமிட்டிக்கே தலைவராக இருந்தவருக்குக் கடைசியில் கிடைத்தது, டிக் டர்பின் விட்டுக்கொடுத்த குற்றவியல் துணைக் கமிட்டி ஒன்றுதான்.

ஊழியர்களும் நிற்பதில்லை. அலபாமாவின் கீழவை உறுப்பினர் பார்க்கர் கிரிஃபித் 2009 டிசம்பரில் ஜனநாயகக் கட்சியிலிருந்து குடியரசுக் கட்சிக்குப் போனதும் அவருடைய வாஷிங்டன் அலுவலகத்தினர் கூட்டமாக ராஜினாமா செய்தார்கள். நன்கொடையாளர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். ஸ்பெக்டர் கேட்டவர்களுக்குத் திருப்பித் தருவதாக அறிவித்தார். வாக்காளர் தரவுத்தளம், கதவு தட்டும் தொண்டர்கள், விளம்பரம் தயாரிக்கும் ஆலோசகர்கள் எல்லாமே அங்கே கட்சிவாரியாகப் பிரிந்து கிடப்பவை. கட்சி மாறினால் இத்தனையையும் புதிதாகத் தேட வேண்டும்.

இவற்றையெல்லாம் சமாளித்தாலும் புதிய கட்சியிலும் ஒரு பிரைமரி காத்திருக்கிறது. 2010 மே 18 ஜனநாயகக் கட்சி பிரைமரியில் அதிபர் ஒபாமா, துணை அதிபர் பைடன் இருவரின் ஆதரவோடும் நின்ற ஸ்பெக்டர், ஜோ செஸ்டாக்கிடம் 54-46 என்று தோற்றார். பழைய ஆதரவாளர்கள் 2 லட்சம் பேர் இந்தப் பக்கம் வந்திருக்கலாம். ஆனால் அங்கே வாக்களித்த 10 லட்சம் பேரில் பெரும்பாலோர் கால் நூற்றாண்டாக அவர் நின்ற பொதுத் தேர்தல்களில் அவருக்கு எதிராக வாக்களித்துப் பழகியவர்கள். செஸ்டாக் செய்ததெல்லாம், கட்சி மாறினால் மறுபடி ஜெயிக்க வழி கிடைக்கும் என்று ஸ்பெக்டரே பேசிய ஒளித்துண்டையும் புஷ் அவரை ஆதரித்த காட்சியையும் விளம்பரத்தில் போட்டதுதான். கிரிஃபித்துக்கும் அதே கதி. புதிய கட்சியின் முதல் பிரைமரியிலேயே மோ புரூக்ஸிடம் தோற்றார்.

ஆனால் ஸ்பெக்டர் மாறியது வீண் என்று யாரும் சொல்ல வேண்டாம். 2009 டிசம்பர் 24 காலையில் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் செனட்டில் 60-39 என்று நிறைவேறியது. முட்டுக்கட்டை விவாதத்தை முடித்துவைக்க அங்கே 60 வாக்கு வேண்டும். அந்த 60-இல் ஒன்று அவருடையது.

கொள்கையா பதவியா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. ஆறு வருடப் பதவிக்காலத்தில் எந்த இடத்தில் மாறினார் என்று பாருங்கள். வெர்மான்ட்டின் ஜிம் ஜெஃபர்ட்ஸ் 2000 நவம்பரில் அமோகமாக ஜெயித்தார். 2001 மே 24 அன்று குடியரசுக் கட்சியை விட்டார். அடுத்த தேர்தலுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தது. வெர்மான்ட்டில் வாக்காளர்கள் கட்சிப் பதிவு செய்வதே கிடையாது, ஆகவே பிரைமரி பயமும் இல்லை. வரிக் குறைப்பின் அளவும் சிறப்புக் கல்விக்கான நிதியும்தான் பிரச்சினை. சுயேச்சையாகி ஜனநாயகக் கட்சியோடு உட்கார்ந்தார். செனட் 50-50 என்று இருந்ததால் அந்த ஒருவரின் நகர்வில் பெரும்பான்மையே கைமாறியது, பெரும்பான்மைத் தலைவர் பதவியிலிருந்து குடியரசுக் கட்சியின் டிரென்ட் லாட் இறங்கி ஜனநாயகக் கட்சியின் டாம் டாஷ்ல் வந்தார். சுற்றுச்சூழல் கமிட்டித் தலைமையும் ஜெஃபர்ட்ஸுக்குக் கிடைத்தது, அது உண்மை. ஆனாலும் 2006-இல் அவர் போட்டியிடவே இல்லை.

எதிர் எல்லையில் புளோரிடா கவர்னர் சார்லி கிரிஸ்ட். 2010 செனட் பிரைமரியில் மார்கோ ரூபியோவிடம் தோற்பது உறுதியானதும் ஏப்ரல் 29 அன்று சுயேச்சை என்று அறிவித்தார். வேட்புமனுவுக்குக் கடைசி நாள் ஏப்ரல் 30. நவம்பரில் 30 சதவீதம் வாங்கித் தோற்றார்.

பிரைமரியில் தோற்றுவிட்டுப் பிறகு சுயேச்சையாக நிற்கலாமே என்று கேட்பீர்கள். பெரும்பாலான மாநிலங்களில் முடியாது. பிரைமரியில் தோற்றவர் பெயர் பொதுத் தேர்தல் வாக்குச்சீட்டில் வராதபடி தடுக்கும் சட்டமோ, அதே விளைவைத் தரும் காலக்கெடுவோ இருக்கிறது. கனெக்டிகட் ஒரு விதிவிலக்கு. 2006 ஆகஸ்ட் 8-இல் நெட் லமான்ட்டிடம் ஜனநாயகக் கட்சி பிரைமரியில் தோற்ற செனட்டர் ஜோ லீபர்மேன் மறுநாளே 7,500 கையெழுத்துத் தேவைப்படும் மனுவைக் கொடுத்துப் புதுக் கட்சிப் பெயரில் நின்று ஜெயித்தார். கையெழுத்து வேட்டையை முன்கூட்டியே தொடங்கியிருந்ததால்தான் அது முடிந்தது. அரிசோனாவின் ஜனநாயகக் கட்சி செனட்டர் கிர்ஸ்டன் சினிமா 2022 டிசம்பரில் சுயேச்சையானார். 2024-இல் மறுபடி நிற்க 40,000-க்கும் மேல் கையெழுத்தை ஏப்ரல் தொடக்கத்துக்குள் சேர்க்க வேண்டியிருந்தது. மார்ச் 5 அன்றே போட்டியிடவில்லை என்று சொல்லிவிட்டார்.

கௌரவமான வழி எது என்று கேட்டால், டெக்சஸின் கீழவை உறுப்பினர் ஃபில் கிராம் செய்ததைச் சொல்வேன். அவர் மிதவாதி அல்ல, ஜனநாயகக் கட்சிக்குள் இருந்த வலதுசாரி. ரீகனின் பட்ஜெட்டுக்குத் துணை நின்றதற்காக 1983 ஜனவரியில் கட்சி அவரைப் பட்ஜெட் கமிட்டியிலிருந்து எடுத்தது. பதவியை ராஜினாமா செய்து, பிப்ரவரியில் நடந்த இடைத்தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்று அதே தொகுதியில் ஜெயித்தார். வாக்காளர்களிடமே திரும்பிப் போனவரை யாராலும் திட்ட முடியவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பென்சில்வேனியாவில் எந்தக் கட்சியிலும் பதியாத வாக்காளர்கள் 10 லட்சத்துக்கும் மேல். பிரைமரியை நடத்துவது அரசு, செலவு வரிப்பணம். அந்த 10 லட்சம் பேரும் வரி கட்டுகிறார்கள், வேட்பாளர் தேர்வில் அவர்களுக்கு வாக்கு இல்லை. இது தனியார் சங்கத்தின் உள்விவகாரம் என்று வாதாடுபவர்கள் உண்டு. அப்படியானால் செலவையும் சங்கமே பார்த்துக்கொள்ளட்டும். நடுநிலை வாக்காளரை வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே மிதவாதிகளே இல்லை என்று அங்கலாய்ப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

விதி மாறினால் ஆள் மாற வேண்டியதில்லை என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 2021 ஜனவரியில் டிரம்ப் மீதான பதவிநீக்கத் தீர்மானத்துக்கு வாக்களித்த குடியரசுக் கட்சி கீழவை உறுப்பினர்கள் 10 பேர். ஒருவரும் கட்சி மாறவில்லை. நால்வர் 2022-இல் நிற்கவில்லை, லிஸ் செய்னி உட்பட நால்வர் பிரைமரியில் தோற்றார்கள். தப்பியவர்கள் இருவர்: வாஷிங்டன் மாநிலத்தின் டான் நியூஹவுஸ், கலிபோர்னியாவின் டேவிட் வலடாவ். இரண்டு மாநிலங்களிலும் எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே பிரைமரியில் நிற்பார்கள், எல்லாரும் வாக்களிப்பார்கள், முதல் இருவர் நவம்பருக்குப் போவார்கள். இது மந்திரக்கோல் என்று சொல்லவில்லை. அதே வாஷிங்டனில் ஹெய்மி ஹெரேரா பியூட்லர் மூன்றாம் இடத்துக்குப் போய் வெளியேறினார், நவம்பரில் அந்தத் தொகுதியே ஜனநாயகக் கட்சிக்குப் போனது. ஆனாலும் தப்பிய இருவரும் இந்த முறையில்தான் தப்பினார்கள்.

அலாஸ்காவின் குடியரசுக் கட்சி செனட்டர் லிசா முர்கோவ்ஸ்கி, பழைய பிரைமரி, புதிய பிரைமரி என்று இரண்டு காலத்தையும் பார்த்தவர். 2010 பிரைமரியில் ஜோ மில்லரிடம் தோற்றார், கட்சி மாறவில்லை. வாக்குச்சீட்டில் பெயர் இல்லாமலேயே, வாக்காளர்கள் கையால் எழுதும் முறையில் நின்றார். வாக்காளர் வட்டத்தை நிரப்பி அந்த நீளமான பெயரையும் எழுத வேண்டும். அதனால் எழுத்துக்கூட்டிச் சொல்லித்தரும் தொலைக்காட்சி விளம்பரமே எடுத்தார்கள். எழுத்துப்பிழை உள்ள சீட்டுகளைத் தள்ள வேண்டும் என்று மில்லர் நீதிமன்றம் போனார், வாக்காளரின் எண்ணம் தெளிவாக இருந்தால் போதும் என்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது, முர்கோவ்ஸ்கியின் வெற்றி நின்றது. 2020-இல் அலாஸ்கா மக்கள், முதல் நால்வர் முன்னேறும் பொதுப் பிரைமரியையும் வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் விருப்ப வரிசை வாக்களிப்பையும் கொண்டுவந்தார்கள். 2021-இல் டிரம்ப்பைக் குற்றவாளி என்று வாக்களித்ததற்காக மாநிலக் கட்சி முர்கோவ்ஸ்கியைக் கண்டித்தது. 2022 முதல் சுற்றில் அவருக்கும் கெல்லி சிபாகாவுக்கும் ஒரு சதவீத வித்தியாசம்கூட இல்லை. ஜனநாயகக் கட்சி வேட்பாளருக்கு வாக்களித்தவர்களின் இரண்டாம் விருப்பம் வந்து சேர்ந்ததும் தெளிவாக ஜெயித்தார், குடியரசுக் கட்சிக்காரராகவே. அந்த முறையை ஒழிக்க 2024-இல் மறுபடி வாக்கெடுப்பு வந்தது. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் ஆயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் அது தப்பியிருக்கிறது.