கேள்வி உங்களுடையது: டிசம்பரில் திருவனந்தபுரம்

டிசம்பர் வந்தால் போதும், கேரள சர்வதேசத் திரைப்பட விழாவைப் பற்றிக் கேட்டுக் கடிதங்கள் குவிய ஆரம்பித்துவிடும். இந்தத் தடவை அவற்றை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

முதல் முறையாக விழாவுக்குப் போகிறேன். நாலு நாள்தான் லீவு கிடைத்தது. எத்தனை படம் பார்த்துவிடலாம்?
– வாசகி, நாகர்கோவில்

ஒரு நாளைக்கு ஐந்து காட்சி, நாலு நாளில் இருபது படம் என்று கணக்குப் போட்டுத்தான் எல்லோரும் ரயில் ஏறுகிறோம். நானும் அப்படித்தான் போனேன். மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு ஈரானியப் படத்தில் தூங்கிப்போய், கண் விழித்தபோது திரையில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அது அதே படத்தின் பனியா, அடுத்த படம் ஆரம்பித்துவிட்டதா என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியதாகிவிட்டது. நாளைக்கு மூன்று போதும் உங்களுக்கு.

எட்டு நாளில் 170 படங்களுக்கு மேல் ஓடும். எதை விடுவது என்பதுதான் தலைவலி. என் வழி இது: பெயர் பெற்ற புதுப் படங்களை விட்டுவிடுவேன், அவை எப்படியும் தியேட்டருக்கோ ஓடிடிக்கோ வரும். ரெட்ராஸ்பெக்டிவ் என்று போட்டு, ஒரு இயக்குநரின் பழைய படங்களைச் சேர்த்துக் காட்டுவார்களே, அவற்றுக்குத்தான் முதலில் இடம் பிடிப்பேன். 2022இல் ஹங்கேரி இயக்குநர் பேலா தார் வாழ்நாள் சாதனை விருது வாங்க நேரிலேயே வந்திருந்தார். ஒரு கிழவரும் மகளும் அவித்த உருளைக்கிழங்கைச் சூட்டோடு கையால் உரித்துத் தின்பதை நாள் தவறாமல் காட்டும் படம் ஒன்று அவருடையது. போனில் பார்த்தால் பத்து நிமிடம் தாங்க மாட்டோம். இருட்டில், பெரிய திரையில், எழுந்து போக வழியில்லாமல் உட்கார்ந்து பார்த்தால் அந்தக் கிழங்கின் ஆவி நம் முகத்தில் அடிக்கும்.

முந்தின நாளே ஆன்லைனில் ரிசர்வ் செய்யலாம், ஆனால் கூட்டம் மோதும் படங்கள் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். ரிசர்வ் செய்யாதவர்களுக்குத் தனி க்யூ உண்டு, பயப்படாதீர்கள். அந்த க்யூவில்தான் நல்ல துப்பெல்லாம் கிடைக்கும். எனக்கு முன்னால் நின்ற ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் ஷெட்யூல் புத்தகத்தில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே, நான் போகவிருந்த படத்தைக் காட்டி “வேண்டாம், நேற்றுப் பார்த்தேன்” என்று தலையாட்டிவிட்டு, டப்பாவைத் திறந்து நேந்திரங்காய் சிப்ஸ் நீட்டினார். அவர் பேச்சைக் கேட்காமல் போனேன். அவர் சொன்னதுதான் சரி.

எங்கள் பழனிப் பக்கம் எடுத்த மம்மூட்டி படத்துக்கு அங்கே அடிதடியே நடந்ததாமே?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

அடிதடி என்று சொல்ல முடியாது. லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ 2022 விழாவில்தான் முதல் முறையாகத் திரையிடப்பட்டது. தாகூர் தியேட்டர் வாசலில் மணிக்கணக்காக நின்றவர்களில் பலருக்கு உள்ளே இடமில்லை என்றாகி, கோஷம், தள்ளுமுள்ளு, சிலர் மேல் போலீஸ் வழக்கு வரை போனது. பார்வையாளர்கள் ஓட்டுப் போட்டுத் தரும் பரிசும் அதற்கே கிடைத்தது. அடுத்த மாதமே படம் தியேட்டருக்கு வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதனால்தான் மேலே நாகர்கோவில்காரருக்கு அப்படி எழுதினேன்.

சென்னையிலும் பட விழா நடக்கிறது. ஆனால் கேரளாவில் மட்டும் இவ்வளவு கூட்டம் எப்படி?
– வாசகர், மதுரை

சென்னை விழா 2003இலிருந்து நடக்கிறது, நல்ல படங்களும் வருகின்றன. கேரளாவில் 1996இல் விழா ஆரம்பிக்கும்போதே பார்க்கிற கூட்டம் தயாராக இருந்தது, வித்தியாசம் அதுதான். 1965இல் மலையாள இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் சித்ரலேகா பிலிம் சொசைட்டியைத் தொடங்கினார்கள். அதைப் பார்த்து ஊர் ஊராகச் சொசைட்டிகள் முளைத்தன. வாடகைக்கு வந்த பிரிண்டை ஏதாவது ஒரு ஹாலில் ஓட்டி, முடிந்ததும் டீயோடு சண்டை போட்டு வளர்ந்தவர்களின் பிள்ளைகள்தான் இன்றைக்கு பாஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

இயக்குநர் ஜான் ஆபிரகாம் இன்னும் ஒரு படி மேலே போனார். நம் தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ எடுத்தாரே, அவரேதான். 1980களில் ஒடேசா என்ற குழுவோடு கிராமம் கிராமமாகச் சென்று, சாப்ளின் படத்தை 16 மில்லிமீட்டரில் போட்டுக் காட்டி, ஜனங்களிடம் காசு திரட்டி 1986இல் ‘அம்மா அறியான்’ எடுத்து முடித்தார். பத்து ரூபாயோ ஐந்து ரூபாயோ போட்டவனுக்கு அந்தப் படம் தன்னுடையது இல்லையா! நம் பக்கம் அப்படி ஒன்று ஊர் அளவில் நடக்கவே இல்லை. ரசிகர் மன்றங்கள்தான் தெருவுக்குத் தெரு இருந்தன.

2013இல் கொரிய இயக்குநர் கிம் கி-டுக் வந்தபோது அவரை ஏதோ உள்ளூர் ஸ்டார் மாதிரிச் சூழ்ந்துகொண்டதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

முதல் பரிசின் பெயர் சுவர்ண சகோரம். நம் சகோரம் நிலவொளியைக் குடிக்கும் பறவை. அங்கே செம்போத்து என்கிறார்களே?
– வாசகி, தூத்துக்குடி

உங்கள் சகோரம் கவிதைப் பறவை. அவர்கள் ஆங்கிலத்தில் போடும் பெயரைத் தமிழில் சொன்னால் செம்போத்துதான். வேலியோரம் ‘ஊப் ஊப்’ என்று கத்தித் திரியுமே, அது. எனக்கென்னவோ செம்போத்துதான் பிடித்திருக்கிறது. பரிசுத்தொகை 20 லட்ச ரூபாய், இயக்குநரும் தயாரிப்பாளரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். போட்டிக்கு ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா படங்கள் மட்டும்தான். ஐரோப்பாக்காரர்கள் வந்து காட்டலாம், போட்டியிட முடியாது.

காலேஜ் மாணவன். மலையாளம் தெரியாது, கையில் காசும் குறைவு. போகலாமா?
– வாசகர், கோவை

தாராளமாகப் போகலாம். மலையாளப் படத்துக்கும் இங்கிலீஷ் சப்டைட்டில் ஓடும். 2024இல் பாஸ் 1180 ரூபாய், மாணவர்களுக்கு 590. ரூமை மட்டும் நாலு பேராகச் சேர்ந்து முன்கூட்டியே பிடித்துவிடுங்கள், அந்த வாரம் லாட்ஜ் கிடைப்பது கஷ்டம். ரயில் இறங்கியதும் தம்பானூரிலேயே கைரளி, ஸ்ரீ, நிளா என்று ஒரே வளாகத்தில் மூன்று தியேட்டர், நடந்தே போய்விடலாம்.

அப்புறம், தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய அந்தச் செங்கல் சுருளில் தரையே சரிவாக ஏறிக்கொண்டு போகும், மேஜைகள் சுவரோடு ஒட்டியிருக்கும். மசால் தோசையைப் பிரித்தால் உள்ளே பீட்ரூட் சிவப்பாக இருக்கும், பதறாதீர்கள். ஒரு போர்வையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஏசி குளிர் தாங்காது.