பணம் கட்டினால் சுகாதார அலுவலர் ஆகலாமா?

கேள்வி: மகள் எம்.பி.பி.எஸ். முடித்து ஹவுஸ் சர்ஜனும் முடித்துவிட்டாள். மாவட்ட சுகாதார அலுவலராக வேண்டும் என்பது அவள் ஆசை. தெரிந்தவர் ஒருவர், ஐந்து லட்சம் கொடுத்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்கிறார். சர்வீஸ் ஏற ஏற அந்தப் பதவி தானாக வருமாம். படகை அடகு வைக்கலாமா? (வாசகர், மண்டபம்)

பதில்: வைக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிரந்தர உதவி மருத்துவர் பணிக்கு எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) நடத்தும் எழுத்துத் தேர்வு ஒன்றுதான் வழி. அதில் தமிழ்த் தகுதித் தாளும் உண்டு. அதில் தேறாவிட்டால் மற்ற தாளைத் திருத்தவே மாட்டார்கள். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள் கோட்டைவிடும் இடம் இது.

அப்படியானால் அந்த ஆள் எதைத்தான் விற்கிறார்? பெரும்பாலும் மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் ஒப்பந்த வேலையை. பதினொரு மாதத்துக்கு ஒப்பந்தம் போடுவார்கள். நிரந்தரம் கேட்க மாட்டேன் என்று கையெழுத்தும் வாங்கிக்கொள்வார்கள். புரோக்கர் பத்துப் பேரிடம் பணம் வாங்குவார். அதில் இரண்டு பேருக்குத் தகுதியாலேயே வேலை கிடைத்துவிடும். அந்த இருவரின் பணத்தை அமுக்கிக்கொண்டு, மற்றவர்களுக்குத் திருப்பிக் கொடுத்து ‘நாணயமானவர்’ என்ற பெயரும் எடுத்துவிடுவார். ஆர்டர் என்று எதையாவது காட்டினால், ‘முற்றிலும் தற்காலிகம்’ என்ற வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒப்பந்த வேலையே கூடாது என்று சொல்லவில்லை. எம்.ஆர்.பி. அறிவிப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிள்ளைகளை இப்படிக் காக்க வைப்பது எனக்கு எரிச்சல்தான். அதுவரை நேர்காணலுக்குப் போய், ஒரு பைசா கொடுக்காமல் கிடைத்தால் சேரட்டும். சம்பளம் வரும், ஊர் பழகும், இரவில் படிக்கலாம். படிப்பை விடக் கூடாது, அவ்வளவுதான்.

அடுத்து, ‘தானாக வரும்’ என்ற பேச்சு. வராது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் வேறு பணித்தொகுதி, மாவட்ட சுகாதார அலுவலர் வரும் பொது சுகாதாரப் பணி வேறு. இதற்கு டி.பி.எச். (பொது சுகாதாரப் பட்டயப் படிப்பு) அல்லது சமூக மருத்துவத்தில் எம்.டி. படிக்க வேண்டும். சுகாதார அலுவலர் தேர்வை நடத்துவது டி.என்.பி.எஸ்.சி. நம் மாவட்டத்தில் ராமநாதபுரம், பரமக்குடி என்று சுகாதார மாவட்டங்கள் இரண்டு. இருப்பதும் இரண்டே நாற்காலி. ஊரில் பலர் ‘ஜே.டி.’ எனப்படும் இணை இயக்குநர் பதவியையும் இதையும் ஒன்றாக நினைக்கிறார்கள். அவர் அரசு மருத்துவமனைகளைப் பார்க்கிறவர்.

வேலையும் வேறு மாதிரி. ராமேசுவரம் தீவில் மலேரியா என்றால் மாத்திரை எழுதிக் கொடுத்தால் முடியாது. சவுக்குக் கன்றுக்குத் தண்ணீர் மொள்ள மணலில் தோண்டிய குழியில் குனிந்து கொசுப்புழு தேட வேண்டும். மூடி போடாத கிணற்றுக்காரரிடம் 1939-ஆம் ஆண்டு பொது சுகாதாரச் சட்டத்தைச் சொல்லிச் சண்டை போட வேண்டும். நோயாளி கும்பிடும் டாக்டராக இருக்க ஆசைப்படுகிற பெண்ணுக்கு இது ஒத்துவராது. எந்த ஆசை என்று மகளிடம் கேளுங்கள்.

ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால், வாட்ஸ்அப் பேச்சை அழிக்காமல் மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள்.